ஜான் லெய்டன்

ஜான் லெய்டன் (செப்டம்பர் 8, 1775 – ஆகஸ்ட் 28, 1811) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரும் கவிஞரும் மொழி ஆய்வாளரும் ஆவார். சென்னையில் மருத்துவராகப் பணி தொடங்கிய இவர், ஐரோப்பியர் அதிகம் அறிந்திராத தென்கிழக்காசிய மொழிகளை ஒப்பிட்டு ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர்.

இளமை

டென்ஹோம் என்னும் சிற்றூரில் எளிய குடும்பமொன்றில் பிறந்தார். இவரது தந்தை ஆடு மேய்ப்பவர். 1790 இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சமயக் கல்வியுடன் பல மொழிகளையும் பயின்றார். நாட்டுப்பாடல்களைத் திரட்டுவதில் எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டுக்கு உதவினார். கீழ்த்திசை மொழிகளைக் கற்க இந்தியா செல்ல விரும்பியபோது, கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவப் பணி மட்டுமே இவருக்குக் கிடைக்கக்கூடியதாக இருந்தது. எனவே சுமார் ஆறு மாதங்களில் மருத்துவத் தேர்வுக்குப் படித்துத் தேறினார்.

சென்னையில்

1803 ஆகஸ்டில் சென்னை வந்த லெய்டன், சில மாதங்கள் பொது மருத்துவமனையின் பொறுப்பில் இருந்தார். இது சென்னை சென்ட்ரல் தொடருந்து நிலையத்தின் எதிரே அமைந்துள்ள இன்றைய ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை ஆகும். 1804 இல் காலின் மெக்கன்சியின் மைசூர் நில அளவைக் குழுவில் மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் சேர்ந்தார். தென்னிந்திய மொழிகளையும் கற்கத் தொடங்கினார். ஆனால் கடும் நோய்வாய்ப்பட்டதால், உடல்நலம் தேடி 1805 இல் பினாங்கு சென்றார்.

மொழி ஆய்வு

பினாங்கில், பிற்காலத்தில் (1819) சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்சின் நட்பைப் பெற்றார். அங்கு மலாய் மொழியை ஆராய்ந்தார். 1806 இல் கல்கத்தா சென்று பேராசிரியர், நீதிபதி முதலிய பதவிகளை வகித்தார்.

1808 இல் வெளிவந்த தமது கட்டுரையில் லெய்டன் அப்பகுதி மொழிகளை இரண்டாக வகுத்தார். மலாய், சாவக மொழி, புகிஸ், தகாலோக் முதலியவற்றைப் பல அசைச் சொற்கள் கொண்டவை என்றும், பர்மியம், அரக்கானியம், மோன், தாய், கெமர், வியட்நாமியம் முதலியவற்றை ஓரசைச் சொற்கள் கொண்டவை என்றும் கொண்டார். 1810 இல் பர்மிய, மலாய், தாய் மொழிகளின் ஒப்பீட்டுச் சொற்பட்டியலைச் செராம்பூரில் வெளியிட்டார்.

இவரது முதற்பிரிவிலுள்ள மேற்கண்ட மொழிகள் இன்று ஆஸ்திரோனேசியக் குடும்பத்தில் அடங்குகின்றன. இரண்டாம் பிரிவு நிலைக்கவில்லை. அதிலிருந்த பர்மியமும் அரக்கானியமும் திபெத்திய-பர்மியக் குடும்பத்தையும், மோன், கெமர், வியட்நாமியம் ஆகியவை ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தையும், தாய் மொழி தாய்-கடாய் குடும்பத்தையும் சேர்ந்தவை எனப் பின்னர் அறியப்பட்டது. சொற்களின் அசை எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் மொழி உறவை முடிவு செய்ய இயலாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

மறைவு

1811 இல் மிண்டோ பிரபுவின் சாவகப் படையெடுப்பில் மொழி அறிஞராக உடன் சென்றார். பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) நெடுநாள் பூட்டிக் கிடந்த நூலகம் ஒன்றில் கையெழுத்துப் படிகளைத் தேடி நுழைந்த பின்னர் இவருக்குக் காய்ச்சல் கண்டதாகக் கூறப்படுகிறது. சில நாட்களில், தமது 35 ஆம் வயதில் காலமானார். ஆசியாவில் இவர் வாழ்ந்தது எட்டு ஆண்டுகளே.

மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவின் இவரது மொழிபெயர்ப்பை 1821 இல் ராஃபிள்ஸ் தமது முன்னுரையுடன் வெளியிட்டார். இவர் முடிக்காமல் விட்ட பாபர் நாமா மொழிபெயர்ப்பை வில்லியம் எர்ஸ்கின் நிறைவு செய்தார்; அந்நூல் 1826 இல் வெளிவந்தது.