சன்னது இழந்த சான்றோர்

வழக்கறிஞராய்த் தொழில் புரிதற்குரிய உரிமைச் சீட்டைச் சன்னது என்பர். வழக்காடுவோர் தம் பொருளையும் மறைபொருளையும் வழக்கறிஞரிடம் நம்பி ஒப்படைப்பர். ஆதலின், ஒழுக்கக் குறையைக் காட்டும் குற்றத்திற்காகத் தண்டனையுற்றவரைத் தொழிலினின்றும் நீக்கும் அதிகாரத்தை 1879ஆம் ஆண்டுச் சட்டம் உயர்நீதிமன்றத்திற்கு அளித்தது. தீயோரை விலக்குவதே இத்தகைய விதிகளின் நோக்கம். ஆயினும், நாட்டுக்கு உழைத்த நல்லோர் ஒருவரும் தண்டனையால் தம் சன்னதை இழக்க நேர்ந்தது. அவரே வ. உ. சிதம்பரனார்.

அவர் 1872ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாதப் பிள்ளையைப் போலவே தாமும் வழக்கறிஞரானார். ஏழைகளுக்குப் பொருள் பெறாமலே வாதாடினார். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டினார். 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் போராட்டத்திற்குத் துணைநின்றார். ஆட்சியாளர் சினந்து அவரைச் சிறைப்படுத்தினர்.

நீதிபதி பின்ஹே, சிதம்பரனார் பேசியதற்காக ஓர் ஆயுள் தண்டனையும், சுப்பிரமணிய சிவாவுக்கு உதவியதற்காக மற்றோர் ஆயுள் தண்டனையும் விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது; துன்பம் குறையவில்லை. சட்ட நூல் ஏந்திய கைகள் கோவைச் சிறையில் செக்கிழுத்தன.

1912 டிசம்பரில் சிறைக்கதவு திறந்தது. நீதிமன்றக் கதவோ மூடியே இருந்தது. சன்னதும் இல்லை, கப்பலும் இல்லை. பலருக்கு வாரி வழங்கிய குடும்பத்தை வறுமை சூழ்ந்தது. சிறு வாணிகம் செய்தும், பிறரிடம் பணிபுரிந்தும் அவர் நாள் கழித்தார். அந்நிலையிலும் தமிழை மறந்தாரல்லர். திருக்குறள் மணக்குடவர் உரையை 1917இல் பதிப்பித்தார்.

பின்னர், வாலேஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் சன்னது மீண்டும் கிடைத்தது. அந்நன்றியை மறவாத சிதம்பரனார் தம் மைந்தர் ஒருவருக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்த அவர் உள்ளத்தில் ஆங்கிலேயர்பால் பகை இல்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? கோவிற்பட்டியில் மீண்டும் வழக்கறிஞராய்ப் பணியாற்றிய அவர், 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் மறைந்தார்.

மாணவர்களே! தண்டனை பெற்றோர் அனைவரும் ஒழுக்கம் குன்றியவர் அல்லர். எதற்காகத் தண்டனை பெற்றார் என்பதையும் ஆராய்ந்து தெளிதலே நீதி. சன்னதை அரசு பறிக்கலாம். சான்றாண்மையை எவராலும் பறிக்க இயலாது.