விழாமல் வென்றவர் ஜாக் ஆன்டனி

நம் சுவரிதழில் காந்தி, பாரதி, கல்பனா சாவ்லா எல்லாரும் வந்துட்டாங்க. அதனால் நம்மில் பலர் பேர்கூடக் கேட்காத ஒருத்தரைப் பற்றி நான் எழுதுகிறேன். அவர் நாட்டில் அவர் ஒரு காலத்தில் ரொம்பப் பேர் பெற்றவர்.

ஜாக் ஆன்டனி 1890-ம் ஆண்டு பிரிட்டனில் உள்ள வேல்ஸ் பகுதியில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஐவர், ஓவன் என்ற சகோதரர்களும் அவரைப் போலவே குதிரை ஏறுவதில் கெட்டிக்காரர்கள்.

சமதரையில் ஓடும் குதிரைப் பந்தயத்தை நாம் சினிமாவில் பார்த்திருப்போம். இது அது இல்லைங்க. தடை தாண்டும் பந்தயம். நெஞ்சு உயரத்துக்கு இருக்கும் செடி வேலிகளையும் பள்ளங்களையும் குதிரை பாய்ந்து தாண்டணும், மேலே இருக்கிறவர் விழாமல் உட்காரணும். இந்தப் பந்தயங்களில் மிகப் பெரியது, லிவர்பூல் நகரத்துக்குப் பக்கத்தில் எயின்ட்ரீ என்ற இடத்தில் நடக்கும் கிராண்ட் நேஷனல். அப்போது தூரம் சுமார் நாலரை மைல். மொத்தம் 30 முறை தாண்டணும். இதில் கால் முறிந்தவர்கள் உண்டு, உயிர் விட்டவர்களும் உண்டு.

1911-ல் 26 குதிரைகள் ஓடின. மழை பெய்து தரையெல்லாம் சேறு. ஜாக் ஏறிய குதிரை கிளென்சைட். அதுக்கு ஒரு கண் தெரியாது! ஒவ்வொரு குதிரையாகச் சறுக்கி விழ, கடைசி வரை வந்தவை நாலே நாலுதான். அதிலும் மூன்றில், விழுந்த வீரர்கள் மறுபடி ஏறி வந்தார்கள். விழாமல் வந்தது அந்த ஒற்றைக்கண் குதிரை மட்டும்தான். முதல் பரிசும் அதற்குத்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1915-ல் நடந்தது. அந்த முறை ஜாக்கின் குதிரை ஆலி ஸ்லோப்பர். ஒரு வேலியில் அது தடுமாறியதும் ஜாக் சேணத்திலிருந்து நழுவி அதன் கழுத்தில் தொங்கினார். பக்கத்திலே இன்னொரு குதிரையில் வந்தவர் அவருடைய அண்ணன் ஐவர். ஓடுகிற ஓட்டத்திலேயே கையை நீட்டித் தம்பியைப் பிடித்து இழுத்து மறுபடி உட்கார வைத்தார். தம்பி ஜெயித்தார். ஐவரும் அன்று ஜெயிக்க வந்தவர்தானே! தம்பி விழுந்தால் ஒரு போட்டியாளர் குறைவார் என்று அவர் கணக்குப் போடவில்லை.

மூன்றாவது வெற்றி 1920-ல், டிராய்டவுன் என்ற பலசாலிக் குதிரையில். ஆனால் அதே ஆண்டு பாரிஸில் நடந்த பந்தயத்தில் டிராய்டவுன் கால் முறிந்து செத்துப்போச்சு. படிச்சதும் எனக்கு மனசு கனத்துவிட்டது. வீரர் விரும்பித்தான் ஏறுகிறார். குதிரையை யாரும் கேட்பதில்லை. வெற்றியை எழுதும்போது இதையும் எழுதணும் என்று தோன்றியது.

இந்த மூன்று வெற்றியும் ஜாக் கூலி வாங்காமல் ஓட்டிய காலத்தில் வந்தவை. பிறகுதான் இதைத் தொழிலாக்கினார். 1914-லும் 1922-லும் நாட்டிலேயே அதிகப் பந்தயம் ஜெயித்த தடை தாண்டும் வீரர் அவரே. வயசான பிறகு பயிற்சியாளர் ஆனார். அவர் பழக்கிய ஈஸ்டர் ஹீரோ என்ற குதிரை 1929, 1930 ஆண்டுகளில் செல்ட்னம் தங்கக் கோப்பையை வென்றது. அண்ணன் ஐவருக்கு வீரராக கிராண்ட் நேஷனல் கிடைக்கவே இல்லை. ஆனால் அவர் பழக்கிய குதிரைகள் 1933-லும் 1937-லும் அதை வென்றன. ஜாக் 1954-ல் காலமானார்.

தோழர்களே, நம்ம விளையாட்டு விழாவிலும் ஓடும்போது பக்கத்துப் பாதையில் யாராவது தடுமாறலாம். அப்போது நம் கை எங்கே போகும்? நான் என்னையே கேட்டுக்கொண்டேன். நீங்களும் கேட்டுப் பாருங்க.



ஒன்பதாம் வகுப்பு மாணவி