பசியறிந்த சிறுவன்

நல்லேப்பிள்ளி அமைந்துள்ள பாலக்காட்டுச் சிற்றூர் வட்டத்திலேயே வடவனூரும் உள்ளது. அவ்வூரைச் சேர்ந்தவர் சத்தியபாமா. அவருடைய இளைய மகனே எம்.ஜி.ஆர். எனப்படும் இராமச்சந்திரன்.

இவர் 17.01.1917 அன்று இலங்கையின் நாவலப்பிட்டியில் பிறந்தார். மழலைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். தாயார் பிள்ளைகளுடன் கும்பகோணத்தில் குடியேறினார். வறுமை வாட்டியதால் இராமச்சந்திரனின் பள்ளிப் படிப்பு இடையில் நின்றது. இவரும் அண்ணன் சக்கரபாணியும் நாடகக் குழுவில் சேர்ந்தனர். ஓடி விளையாடும் வயதில் தாயைப் பிரிந்து வாழ நேர்ந்தது. அந்தத் தனிமையில் ஒருவருக்கொருவர் துணையாயினர்.

பின்னர்த் திரையுலகில் புகழ்பெற்ற இவர், 1977இல் தமிழக முதலமைச்சரானார். காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டத்தை விரிவாக்கி, 1982 சூலை முதல் நாள் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இளமையில் தாம் பட்ட பசித்துயர் பிற குழந்தைகளைத் தீண்டலாகாது என எண்ணினார். 24.12.1987 அன்று மறைந்தார். அவர் தொடங்கிய திட்டம் இன்றும் தொடர்கிறது.