ஜோன் எண்டர்ஸ் (1897 – 1985)
சின்னமுத்துத் தடுப்பூசியின் தந்தை

நீங்கள் பிறந்தபோது வழங்கப்பட்ட பிள்ளை சுகாதார விருத்திப் பதிவேடு உங்கள் வீட்டில் எங்காவது பத்திரமாக இருக்கும். அதை அம்மாவிடம் கேட்டு வாங்கித் தடுப்பூசிப் பக்கத்தைப் பாருங்கள். மூன்று வயதுக்குரிய இடத்தில் எம்.எம்.ஆர். என்று எழுதப்பட்டிருக்கும். அம்மூன்று எழுத்துக்களில் முதலாவது சின்னமுத்தையும், இரண்டாவது கூகைக்கட்டையும், மூன்றாவது ருபெல்லாவையும் குறிக்கும். முதலாவது எழுத்து அங்கு இடம்பெறக் காரணமானவரின் வாழ்க்கையையே இப்போது படிக்கப் போகிறீர்கள்.

அதற்கு முன்னர் நோயைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். நாம் சின்னமுத்து என்று கூறுவதைத் தமிழ்நாட்டில் தட்டம்மை என்பர். நமது தோட்டப் பகுதிகளில் பலர் அம்மை என்ற பொதுப்பெயராலேயே இதனை அழைப்பார்கள். வாசலில் வேப்பிலை செருகிப் பிள்ளையைத் தனியே படுக்க வைப்பார்கள். நோயாளியைத் தனிமைப்படுத்துவது நல்ல வழக்கமே. எனினும் சின்னமுத்தைப் பொறுத்தவரை அது பிந்திய காவலாகிவிடுகிறது. உடலில் சிவந்த தடிப்புகள் தோன்றுவதற்கு ஏறத்தாழ நான்கு நாட்களுக்கு முன்னரே நோயாளியிடமிருந்து வைரசு பரவத் தொடங்கிவிடும். அந்நாட்களில் அவருக்கு இருப்பதெல்லாம் காய்ச்சல், தடிமன், இருமல், கண் சிவத்தல் என்பனவே. சாதாரண தடிமன்தானே என்று பிள்ளை பாடசாலைக்கு வந்துவிடும். நாவலப்பிட்டியில் மழை பிடித்துக்கொண்டால் வகுப்பறை யன்னல்களை மூடிவிட்டே படிக்கிறோம் அல்லவா? அத்தகைய அறையில் நோயாளி இருமிவிட்டு வெளியேறிய பின்னரும் இரண்டு மணித்தியாலம் வரை வைரசு காற்றில் தங்கியிருக்கக்கூடும். நிர்ப்பீடனம் இல்லாத பத்துப் பேர் நோயாளியுடன் நெருங்கிப் பழகினால் அவர்களுள் ஒன்பது பேர் வரை நோய்வாய்ப்படுவர். பெரும்பாலானோர் குணமடைவர். ஆயினும் சிலருக்கு நியுமோனியா, கடும் வயிற்றோட்டம், செவித்தொற்று ஆகியன ஏற்படும். ஏறத்தாழ ஆயிரம் நோயாளருள் ஒருவருக்கு மூளையழற்சி உண்டாகும். தடுப்பூசி வருவதற்கு முன்னர் உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 26 இலட்சம் பேர் இந்நோயால் இறந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. இறந்தோருள் மிகப் பெரும்பாலானோர் சிறுவர்கள்.

ஜோன் பிராங்ளின் எண்டர்ஸ் 1897 பெப்ரவரி 10ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள மேற்கு ஹாட்பேர்ட் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தை வங்கியாளர், வசதியான குடும்பம். யேல் பல்கலைக்கழகத்திற் கல்வி பயின்றுகொண்டிருந்தபோது முதலாம் உலக மகாயுத்தம் குறுக்கிட்டது. படிப்பை இடைநிறுத்திக் கடற்படையின் விமானப் பிரிவிற் சேர்ந்து, பிறருக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். யுத்தம் முடிந்ததும் பட்டப்படிப்பை நிறைவுசெய்துவிட்டுக் காணி, வீடு விற்கும் தொழிலில் இறங்கினார். அது அவருக்குப் பொருந்தவில்லை. அடுத்து ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமும் பழைய ஜெர்மானிய, கெல்டிய மொழிகளும் கற்றார். ஆங்கில ஆசிரியராவதே அப்போது அவரது நோக்கம்.

சாதாரண தரம் முடிந்ததும் எத்துறையைத் தெரிவுசெய்வது என்று தடுமாறும் உங்களுக்கு இவ்விடம் சுவையாக இருக்கலாம். எண்டர்ஸ் தங்கியிருந்த விடுதியில் ஹியூ வோர்ட் என்னும் அவுஸ்திரேலிய இளைஞரும் இருந்தார். அவர் நுண்ணங்கியியல் போதித்தவர். மாலை வேளைகளில் அவருடன் ஆய்வுகூடத்துக்குச் சென்று வேடிக்கை பார்த்த எண்டர்ஸ், மெல்ல மெல்ல இலக்கிய ஆய்வைக் கைவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். ஹான்ஸ் சின்சர் என்ற புகழ்பெற்ற பேராசிரியரின் மாணவராகி 1930இல் கலாநிதிப் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 33. ஏனையோர் பெயரெடுத்துவிடும் வயதில் அவர் தொடங்கியே இருந்தார்.

1940களின் பிற்பகுதியில் பொஸ்டன் சிறுவர் மருத்துவமனையில் தொற்றுநோய் ஆய்வுகூடமொன்றை அமைக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. தொமஸ் வெல்லர், பிரடெரிக் ரொபின்ஸ் என்னும் இளம் வைத்தியர்கள் அவருடன் இணைந்தனர். அங்கு நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ள ஒரு விடயம் தெரிந்திருத்தல் வேண்டும். பற்றீரியாவைப் போல வைரசை வெறும் வளர்ப்பூடகத்தில் வளர்க்க முடியாது. அது உயிருள்ள கலங்களுக்குள்ளேயே பெருகும். ஆகவே போலியோ வைரசை ஆராய விரும்பியோர் குரங்குகளையே நம்பியிருந்தனர். அவ்வைரசு நரம்பிழையத்தில் மட்டுமே வளரும் என்பதும் அன்றைய நம்பிக்கை. 1948இல் கொப்பளிப்பான் வைரசை வளர்ப்பதற்காகத் தயாரித்த மனித இழையக் குழாய்களிற் சில மீதியாயின. அவற்றை வீசிவிடாமல் போலியோ வைரசை இட்டுப் பார்த்தனர். தோலும் தசையும் கொண்ட அவ்விழையத்தில் போலியோ வைரசு வளர்ந்தது! போலியோத் தடுப்பூசிக்குக் கதவு திறந்தது இங்குதான். இதற்காக 1954இல் நோபல் பரிசு கிடைத்தது. தம்முடன் உழைத்த இரு இளைஞர்களுக்கும் சம பங்கு வழங்கப்பட வேண்டும் என்பதில் எண்டர்ஸ் உறுதியாக நின்றார். பரிசு மூவருக்கும் வழங்கப்பட்டது.

அதே 1954ஆம் ஆண்டு ஜனவரியில் பொஸ்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு விடுதிப் பாடசாலையில் சின்னமுத்து பரவியது. சின்னமுத்து வைரசைத் தேடிக்கொண்டிருந்த எண்டர்ஸ் தமது உதவியாளர் தொமஸ் பீபிள்ஸை அங்கு அனுப்பினார். பீபிள்ஸ் முன்பு யுத்தத்தில் விமானியாக இருந்து பின்னர் வைத்தியரானவர். அவர் நோயுற்ற மாணவரின் குருதியையும் தொண்டைச் சுரப்பையும் சேகரித்து வந்தார். முதலிற் கொண்டுவந்தவை பயன்படவில்லை. மீண்டும் சென்றார். பெப்ரவரியில் டேவிட் எட்மன்ஸ்டன் என்ற மாணவனிடம் பெற்ற மாதிரி, சோதனைக் குழாயில் இருந்த மனித சிறுநீரகக் கலங்களில் இடப்பட்டது. சில நாட்களில் கலங்கள் ஒன்றோடொன்று இணைந்து, பல கருக்களைக் கொண்ட பெருங்கலங்களாக மாறத் தொடங்கின. குணமடைந்த நோயாளரின் குருதிப் பாயத்தைச் சேர்த்தபோது அம்மாற்றம் தடைப்பட்டது. அக்குருதிப் பாயத்தில் இருந்த பிறபொருளெதிரிகள் வைரசைச் செயலிழக்கச் செய்தன. ஆகவே அது சின்னமுத்து வைரசே என்பது உறுதியாயிற்று. அந்த வைரசு இனத்துக்கு அம்மாணவனின் பெயரே சூட்டப்பட்டது. இன்று உலகில் பயன்படும் சின்னமுத்துத் தடுப்பூசிகளுட் பெரும்பாலானவை எட்மன்ஸ்டன் இனத்தின் வழிவந்தவையே.

வைரசு கையில் கிடைத்துவிட்டது. ஆனால் அதை அப்படியே ஊசியில் ஏற்றினால் நோயே வரும். அதன் வலுவைக் குறைக்க வேண்டும். எண்டர்ஸ் குழுவினர் அவ்வைரசை மனித சிறுநீரகக் கலங்களில் 24 தடவையும், பனிக்குட மென்சவ்வுக் கலங்களில் 28 தடவையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி வளர்த்தனர். அதன் பின் கருக்கட்டிய கோழிமுட்டைகளிலும், இறுதியாகக் கோழிக்குஞ்சு முளையத்தின் கலங்களிலும் வளர்த்தனர். ஆண்டுக்கணக்காக நடந்த அலுப்பூட்டும் வேலை இது. கோழியின் கலங்களுக்குப் பழகிப்போன வைரசு மனித உடலில் முன்போலப் பெருகும் ஆற்றலை இழந்தது. ஆனால் அதன் வெளித்தோற்றம் மாறவில்லை. ஆகையால் உடல் அதை அடையாளங்கண்டு பிறபொருளெதிரிகளை உருவாக்கியது. இதுவே செயற்கையாகப் பெறப்படும் உயிர்ப்பான நிர்ப்பீடனம். இத்தடுப்பூசியில் இருப்பது கொல்லப்பட்ட வைரசு அன்று, உயிருள்ள வலுக்குறைந்த வைரசு என்பதை விடை எழுதும்போது மறந்துவிடாதீர்கள்.

முதலிற் குரங்குகளில் பரிசோதித்தனர். பின்னர் 1958இல், மனவளர்ச்சி குன்றிய சிறுவர்கள் தங்கியிருந்த ஒரு நிறுவனத்தில் பெற்றோரின் அனுமதியுடன் சிறு தொகையினருக்கு ஊசி ஏற்றப்பட்டது. அங்கு சின்னமுத்து அடிக்கடி பரவி உயிர்களைப் பறித்தது உண்மையே. எனினும் தம் விருப்பத்தைத் தாமே கூறவியலாத பிள்ளைகளைத் தெரிவுசெய்ததை இன்றைய ஆய்வு ஒழுக்கநெறி ஏற்றுக்கொள்ளாது. நல்ல காரியத்தின் வரலாற்றிலும் இத்தகைய பக்கங்கள் உண்டு. அவற்றை மறைத்துப் படிக்க வேண்டியதில்லை.

சாமுவேல் கற்ஸ் முதலியோருடன் சேர்ந்து உருவாக்கிய தடுப்பூசி பயனளிக்கிறது என்ற செய்தி 1961இல் பத்திரிகைகளில் வெளியாகி, புகழ் முழுவதும் எண்டர்ஸைச் சூழ்ந்தது. அவரோ இது பலரின் கூட்டு உழைப்பு என்று எழுதித் தெரிவித்தார். தமது வைரசை ஏனைய ஆய்வுகூடங்களுக்கும் தாராளமாக வழங்கினார். 1963 மார்ச்சில் தடுப்பூசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த முதல் ஊசி பல பிள்ளைகளுக்குக் காய்ச்சலையும் தடிப்பையும் உண்டாக்கியது. மொரிஸ் ஹில்மன் என்ற அறிஞர் அதே இனத்தை மேலும் வலுக்குறைத்து 1968இல் மேம்பட்ட ஊசியை அளித்தார்.

இலங்கையில் 1984இல் சின்னமுத்துத் தடுப்பூசி தேசிய நிர்ப்பீடன நிகழ்ச்சித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. மறு ஆண்டு 1985 செப்டெம்பர் 8ஆந் திகதி, தமது 88ஆவது வயதில், எண்டர்ஸ் கனெக்டிகட்டில் உள்ள தமது வீட்டிற் காலமானார்.

அவருக்குப் பின்னரும் கதை தொடர்ந்தது. ஒரே ஊசி போதும் என்று எண்ணியிருந்த நமது நாட்டில் 1999–2000 காலப்பகுதியில் சின்னமுத்து மீண்டும் பெருமளவிற் பரவியது. ஒரு தடவை ஊசி பெற்றோருள் சிலருக்குப் போதிய நிர்ப்பீடனம் உண்டாவதில்லை. ஆண்டுதோறும் அத்தகையோரின் தொகை சேர்ந்துகொண்டே வரும். வைரசுக்கு அது போதும். எனவே 2001இல் மூன்று வயதில் இரண்டாவது ஊசி அறிமுகமாயிற்று. 2011இல் அவ்விடத்துக்கு எம்.எம்.ஆர். வந்தது. 2019இல் இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடாக உலக சுகாதார அமைப்பினால் அறிவிக்கப்பட்டது. ஆனால் 2023இல் நோயாளர்கள் மீண்டும் இனங்காணப்பட்டனர். 2024 ஜனவரியில், உரிய வயதை இன்னும் அடையாத ஆறு தொடக்கம் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு மேலதிக ஊசி வழங்கப்பட்டது; கண்டி மாவட்டமும் அதில் அடங்கியது. ஏறத்தாழ 95 சதவீதத்தினர் இரு ஊசிகளையும் பெற்றிருந்தாலேயே ஊசி பெறும் வயதை அடையாத இத்தகைய குழந்தைகள் பாதுகாக்கப்படுவர். வகுப்பறையிலிருந்து நீங்கள் கொண்டு செல்லும் வைரசு வீட்டுத் தொட்டிலில் இருக்கும் தங்கையைத்தான் முதலிற் பிடிக்கும்.

இப்போது அந்தப் பதிவேட்டை மீண்டும் திறவுங்கள். சின்னமுத்துக்குரிய இரு இடங்களிலும் திகதி குறிக்கப்பட்டுள்ளதா? ஏதாவதொன்று வெறுமையாக இருந்தால் உங்கள் பகுதிக் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பெற்றோருடன் சென்று காட்டுங்கள்.