கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்ந்த எலிக்குட்டிகள்... 14 நாள் விதி... யார் இந்த ஆன் மெக்லாரன்?

டெஸ்ட் டியூப் பேபி என்றாலே 1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் பிறந்த லூயிஸ் பிரவுன்தான் நினைவுக்கு வருவார். ஆனால் அதற்கு 20 வருஷம் முன்னாடியே, தாயின் உடலுக்கு வெளியே சில நாள் வளர்ந்த கருக்கள் உயிருள்ள குட்டிகளாகப் பிறந்துவிட்டன. எலிக்குட்டிகள்! அதைச் செய்துகாட்டிய இருவரில் ஒருவர் ஆன் மெக்லாரன்.

1927-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா அபர்கான்வே பிரபு, பணத்துக்குப் பஞ்சமே இல்லாத வீடு. 1936-ல் வந்த 'திங்ஸ் டு கம்' படத்தில் குட்டி வேடத்தில்கூட நடித்திருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டில் விலங்கியல் படித்தார். பிரபு வீட்டுப் பெண் கம்யூனிஸ்ட் ஆனது தனிக்கதை.

எலி முதுகெலும்பில் என்ன இருக்கு?

1952-ல் டொனால்ட் மிச்சியைத் திருமணம் செய்தார். உலகப் போரில் ஜெர்மன் ரகசியக் குறியீடுகளை உடைத்த குழுவில் இருந்தவர், பின்னாளில் ஏஐ முன்னோடி. அப்போது இருவருக்கும் வேலை எலிகளோடுதான்.

அவர்களைக் குடைந்தது ஒரு சின்னக் கேள்வி. ஒரு வகை எலிக்கு இடுப்புப் பகுதியில் பெரும்பாலும் 5 முள்ளெலும்புகள், இன்னொரு வகைக்கு 6. இரண்டையும் கலந்தால் குட்டிகள் அம்மா பக்கமே சாய்ந்தன. காரணம் முட்டையா, கருப்பையா? கருவை எடுத்து வேற எலியின் கருப்பையில் வைத்துப் பார்த்தார்கள். சுமந்த எலியைப் பொறுத்தே எண்ணிக்கை மாறியது. அதாவது ஜீன் மட்டும் எல்லாத்தையும் தீர்மானிப்பதில்லை.

கருவை இடம் மாற்றும் அந்தக் கைப்பழக்கம்தான் 1958-ல் கைகொடுத்தது. ஜான் பிகர்ஸோடு சேர்ந்து, எலிக்கருக்களை கண்ணாடிக் கிண்ணத்தில் 2 நாள் வளர்த்து, வேறு எலிகளுக்குள் வைத்தார். குட்டிகள் பிறந்தன. இங்கே கருத்தரித்தது எலியின் உடலுக்குள்தான் என்பதால் இதை ஐவிஎஃப் என்று சொல்ல முடியாது. ஆனால் வெளியே வளர்ந்த கரு நல்லபடியாகப் பிறக்கும் என்பது உறுதியானது. அது தெரியாமல் ஐவிஎஃப் ஏது?

1959-ல் விவாகரத்து. 3 குழந்தைகள். எடின்பரோவில் 15 வருட ஆராய்ச்சி, பிறகு 1974 முதல் 1992 வரை லண்டனில் பாலூட்டிக் கரு வளர்ச்சி ஆய்வுப் பிரிவின் இயக்குநர்.

14 நாள் கணக்கு

மனிதக் கருவை ஆராய்ச்சி செய்யலாமா? லூயிஸ் பிறந்த பிறகு பிரிட்டனில் பெரிய சண்டையே நடந்தது. 1982-ல் மேரி வார்னாக் தலைமையில் அரசு குழு அமைத்தது. அதில் கருவியல் தெரிந்த விஞ்ஞானியாக இருந்தவர் மெக்லாரன்.

சுமார் 14, 15-வது நாளில்தான் கருவில் உடலின் அச்சாக ஒரு கோடு தோன்றும். அதுக்கு முன்னால் ஒரே கரு இரட்டையராகப் பிரியவும் வாய்ப்பிருக்கு. அதனால் 14 நாள் வரை ஆராயலாம், அதைத் தாண்டக் கூடாது என்றது குழு. இதை எம்.பி.க்களுக்கும் பொதுமக்களுக்கும் பொறுமையாக விளக்கிக்கொண்டே இருந்தார் மெக்லாரன். லேசான வேலை இல்லை. 1985-ல் கரு ஆராய்ச்சியையே தடை செய்யும் மசோதா முதற்கட்ட ஓட்டெடுப்பில் ஜெயித்து, நேரம் போதாமல்தான் கைவிடப்பட்டது. 1990-ல் 14 நாள் வரம்பு சட்டமானது.

அடுத்த வருடமே ராயல் சொசைட்டியின் வெளியுறவுச் செயலாளர் ஆனார். அந்த அமைப்பின் 330 ஆண்டு வரலாற்றில் நிர்வாகப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் இவர்தான்.

2007 ஜூலை 7 அன்று கேம்பிரிட்ஜிலிருந்து லண்டனுக்குக் காரில் போனபோது நடந்த விபத்தில் உயிரிழந்தார். உடன் இறந்தவர் டொனால்ட் மிச்சி. விவாகரத்துக்குப் பிறகும் இருவரின் நட்பு விட்டுப்போகவில்லை. அப்போது மெக்லாரனுக்கு வயது 80. கேம்பிரிட்ஜ் ஆய்வகத்துக்குப் போவதை அதுவரை அவர் நிறுத்தவே இல்லை.