பத்து ரூபாய்க்கு விலைபோன பிள்ளை



மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயர் நம் இல்லங்களில் பலரும் கேட்டதே. 1989-ல் தமிழக அரசு ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்துக்கு அப்பெயரை வைத்தது. 2022-ல் அத்திட்டம் மாணவிகளின் உயர்கல்விக்கு உதவுவதாக மாற்றப்பட்டது. ஆனால் அந்த அம்மையார் சிறுமியாய் இருந்தபோது பட்ட துன்பத்தை அறிந்தவர்கள் சிலரே.

அவர் பிறந்தது 1883-ல், திருவாரூர்ப் பக்கத்தில். வறுமை தாங்காமல் தகப்பனார் வீட்டை விட்டுப் போய்விட்டார். திக்கற்ற தாயார், பத்து ரூபாய்க்கும் ஒரு பழஞ்சேலைக்கும் மகளை ஒரு தாசியிடம் கொடுத்துவிட்டார். குழந்தைக்குப் பாட்டும் நாட்டியமும் கற்பிக்கப்பட்டன. அதன் முடிவு என்னவென்று அக்காலத்தில் எல்லாரும் அறிவார்கள்: பொட்டுக் கட்டுவது, பிறகு பணம் படைத்தவரின் இச்சைக்கு ஒப்புக்கொடுப்பது. ஊரார் அதை வழக்கம் என்றார்கள். வழக்கம் என்று பெயர் வைத்துவிட்டால், பிள்ளையின் கண்ணீர் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

வயது வந்தபின் அவர் அந்த வழியில் போக மறுத்தார். தமக்குச் சங்கீதம் போதித்த சுயம்புப் பிள்ளையைத் தாமே விரும்பி மணந்து இல்லறம் நடத்தினார். பின்பு பொட்டுக் கட்டும் வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். 1936-ல் தாசிகள் மோசவலை என்ற நாவலை எழுதி, நாலு சுவருக்குள் மூடி வைத்திருந்ததை அச்சிலேற்றினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் தொடங்கிய முயற்சியும் சேர்ந்து, 1947-ல் சென்னை மாகாணத்தில் அவ்வழக்கம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அம்மையார் 1962-ல் காலமானார். சுயமரியாதை இயக்கத்தைச் சேர்ந்த அவருடைய கொள்கை வேறு, நம்முடைய விசுவாசம் வேறு. ஆயினும் இந்த வாழ்க்கையிலிருந்து நாம் கற்க வேண்டியது உண்டு.

நம் புதுச்சத்திரத்திலும், சிறு வயதில் சொந்த வீட்டிலேயே பட்ட தீங்கை இன்றுவரை வாய் திறவாமல் சுமக்கிறவர்கள் இருக்கக்கூடும். அவர்கள் பேசத் துணிந்தால், குடும்ப மானம் போய்விடும் என்று தடுக்காதீர்கள். அந்தப் பாவம் செய்தவரையே சாரும். பட்ட பிள்ளையைச் சாராது. நம்பத்தக்க ஒருவரிடம் மனம் திறப்பதே குணமடைவதற்கு முதற்படி. மனநல மருத்துவரிடம் போவதிலும் வெட்கமில்லை. இன்று ஒரு பிள்ளை துன்பப்படுவதைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். பெற்றோர்களே, பிள்ளை தயங்கித் தயங்கிச் சொல்ல வரும்போது, கைவேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.