வேலைக்காரியின் ஓய்வுக்காகப் போராடிய பிரபு



இந்த மாதம் ஒரு தேவமனிதனுடைய சரித்திரத்தை உங்களுக்கு எழுதும்படி கர்த்தர் என்னை ஏவினார். அதற்கு முன்னே என் தப்பு ஒன்றை அறிக்கை செய்துவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன்பு நம்முடைய நார்த்தாமலை ஜெபவீட்டில் முழு இரவு ஜெபம் நடந்தது. ஆராதனை அக்கினியாய்ப் போய்க்கொண்டிருக்கிற நேரம், பெண்கள் பக்கத்தில் ஒரு சகோதரி சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பேர் சொல்லாமல், கெத்செமனேயில் தூங்கின சீஷர்களைப் பற்றி மைக்கிலேயே குத்தலாய் நாலு வார்த்தை பேசிவிட்டேன். மறுநாள் என் மனைவிதான் விஷயத்தைச் சொன்னாள். அந்தச் சகோதரி விடியற்காலம் 3 மணிக்கு எழுந்து, குழாயடியில் தண்ணி பிடிச்சு, சோறாக்கி, பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்துட்டுக் கல் வேலைக்குப் போனவங்க. சாயங்காலம் வந்து மறுபடியும் அடுப்படி. ராத்திரி 9 மணிக்கு ஜெபவீட்டுக்கு வந்து, எங்க எல்லாருக்கும் சுக்குக்காப்பி போட்டதும் அவங்கதான். கணக்குப் போட்டேன். 18 மணி நேரம்! அதற்கு மேலே நான் வேறே கண்டித்திருக்கிறேன்.

அன்றைக்கு முழங்காலில் நின்றபோது, பல வருஷங்களுக்கு முன்னே வாசித்த ஷாப்ட்ஸ்பரி பிரபுவின் ஜீவியம் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது.

வேலைக்காரம்மா விதைத்த விதை

அந்தோணி ஆஷ்லி கூப்பர் என்பது அவருடைய பெயர். 1801 ஏப்ரல் 28ந் தேதி லண்டனில் பெரிய பிரபு வம்சத்தில் பிறந்தார். பணத்துக்குக் குறைவில்லை, ஆனால் தாய் தகப்பனுடைய அன்பு கிடைக்கவில்லை. அந்த வீட்டில் வேலை பார்த்த மரியா மில்லிஸ் என்ற அம்மாதான் அவரை மடியில் வைத்து வேதக்கதைகளைச் சொல்லி, ஜெபம் பண்ணக் கற்றுக் கொடுத்தார்கள். அவர் சிறு பையனாய் இருக்கும்போதே அந்த அம்மா மரித்துப்போனார்கள். தன் கடிகாரத்தை அவருக்கென்று வைத்துவிட்டுப் போனார்கள். பின்னாளில் அவர் எவ்வளவோ பெரிய மனிதரான பிறகும், கடைசி மட்டும் அந்தக் கடிகாரத்தைத்தான் வைத்திருந்தார். பாருங்க, பிற்காலத்தில் லட்சக்கணக்கான பெண்களின் வேலை நேரத்தை அளந்த மனிதனுக்கு, கடிகாரத்தைக் கொடுத்ததே ஒரு வேலைக்காரிதான்!

ஹாரோ பள்ளியில் படிக்கும்போது ஒரு நாள், குடிவெறியில் இருந்த சிலர் ஒரு ஏழையின் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, வழியிலே கீழே போட்டுவிட்டதைக் கண்டார். அழுவதற்கு ஒரு ஆள் இல்லை. அன்றைக்கே ஏழைகளுக்காக ஜீவிப்பேன் என்று தீர்மானித்தார். 1826ல் பாராளுமன்ற அங்கத்தினரானார். 1828ல் இந்திய விவகாரங்களைக் கவனிக்கிற குழுவிலும் பொறுப்பு கிடைத்தது. நம்முடைய தேசத்தைப் பற்றின பாரம் அவருக்கு வாலிபத்திலேயே உண்டாயிற்று.

பத்து மணி நேரம்

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் பஞ்சாலைகளில் பெண்களும் பிள்ளைகளும் ஒரு நாளைக்கு 12, 14 மணி நேரம் உழைத்தார்கள். 10 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று பாராளுமன்றத்தில் வாதாடிக்கொண்டிருந்த மைக்கேல் சாட்லர் என்பவர் 1832ல் தேர்தலில் தோற்றுப்போனார். அடுத்த வருஷம் ஜார்ஜ் புல் என்ற போதகர் ஆஷ்லியைத் தேடி வந்து, நீங்கள் இதை எடுத்துச் செய்யவேண்டும் என்று கேட்டார். ஆஷ்லி உடனே சரி என்று சொல்லவில்லை. ஜெபித்தார், தன் மனைவி எமிலியிடம் ஆலோசனை கேட்டார். சிநேகிதர்களையும் பதவியையும் இழக்க நேரிடும் என்று தெரிந்தும், அந்த அம்மா முன்னே போகும்படி தைரியம் சொன்னார்கள்.

1833ல் வந்த சட்டம் பிள்ளைகளுக்கும் வாலிபருக்கும் மாத்திரம் நேரத்தைக் குறைத்தது. வயது வந்த பெண்களுக்கு ஒன்றுமில்லை. அவர் கேட்ட 10 மணி நேரமும் கிடைக்கவில்லை. ஆனாலும் விடவில்லை. 1842ல் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றின விசாரணை அறிக்கை வெளியானது. இடுப்பில் வாரும் சங்கிலியும் கட்டி, இருட்டிலே நாலு காலில் தவழ்ந்து வண்டி இழுக்கிற பெண்களின் படங்கள் அதில் இருந்தன. தேசமே வெட்கப்பட்டது. பெண்களையும் 10 வயதுக்குக் கீழ்ப்பட்ட பையன்களையும் சுரங்கத்துக்குள்ளே இறக்கக்கூடாது என்று அந்த வருஷமே சட்டமானது. 1844ல்தான் முதல்முறையாக, பஞ்சாலையில் வயது வந்த பெண்களுக்கும் 12 மணி நேரம் என்ற எல்லை வந்தது, இரவு வேலையும் நின்றது.

இங்கே உண்மையைச் சொல்லவேண்டும். சுரங்கத்தை விட்டு வெளியே வந்த பெண்களுக்கு வேறே பிழைப்புக்கு அந்தச் சட்டம் வழி பண்ணவில்லை. கூலி போனதே என்று அழுத குடும்பங்களும் உண்டு. வேலையைக் குறைத்தால் போதாது, அடுப்பில் உலை வைக்கவும் வழி வேண்டுமே!

1846ல் தானிய வரிப் பிரச்சினையில் மனச்சாட்சியின்படி நடந்து தன் பதவியை ராஜினாமா பண்ணினார். ஆகையால் 1847ல் பத்து மணி நேரச் சட்டம் நிறைவேறினபோது, 14 வருஷம் பாடுபட்ட அவர் சபையிலேயே இல்லை. ஜான் பீல்டன் என்பவர்தான் அதை முடித்து வைத்தார். மோசே காணானைத் தூரத்திலிருந்து பார்த்ததுபோல! அதோடும் முடியவில்லை. முதலாளிகள் ஷிப்டு மாற்றி மாற்றிப் போட்டுச் சட்டத்தை ஏமாற்றினார்கள். நீதிமன்றமும் அது செல்லும் என்று தீர்த்தது. அந்த ஓட்டையை அடைக்க, 1850ல் பத்தரை மணி நேரத்துக்கு அவர் சம்மதித்தார். யாருக்காக உழைத்தாரோ அந்தத் தொழிலாளிகளே அவரைத் துரோகி என்றார்கள். ஆனால் காலை 6 முதல் மாலை 6 வரைக்குள்தான் வேலை, சனிக்கிழமை பகல் 2 மணிக்கு முடிவு என்று திட்டமாய் எழுதப்பட்டது அப்போதுதான்.

கடல் தாண்டி நம் தேசத்துக்கு

பம்பாயில் ஆலைகள் பெருகினபோது, 70 வயது கடந்த அந்தப் பெரியவர் 1875லும் 1879லும் பிரபுக்கள் சபையில் எழுந்து இந்தியத் தொழிலாளிகளுக்காகப் பேசினார். மான்செஸ்டர் முதலாளிகளும் இந்தச் சட்டத்தைக் கேட்டார்கள். அவர்களுக்கு வியாபாரப் போட்டி என்ற காரணம் இருந்தது. அதனால் நம்மவர்கள் பலர் சந்தேகப்பட்டார்கள். 1881ல் வந்த முதல் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் பிள்ளைகளை மாத்திரம் காத்தது, பெண்களை மறந்துவிட்டது. 1885 அக்டோபர் 1ந் தேதி ஷாப்ட்ஸ்பரி பிரபு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அவர் போனாலும் காரியம் நிற்கவில்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் தொழிலாளிகளைத் திரட்டினார். 1890ல் அவர் கூட்டின பெரிய கூட்டத்தில் இரண்டு பெண் தொழிலாளிகளும் எழுந்து பேசினார்கள். 1891ல் பெண்களுக்கு 11 மணி நேரம், நடுவிலே ஒன்றரை மணி நேரம் ஓய்வு, வாரம் ஒரு விடுமுறை என்று சட்டம் வந்தது. 1922ல் வாரத்துக்கு 60 மணி, 1934ல் 54 மணி, 1948ல் 48 மணி என்று எல்லாருக்குமே குறைந்தது. பெண்களைக் காலை 6 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வேலை வாங்கக்கூடாது என்றும் 1948 சட்டம் சொன்னது. 1952 சுரங்கச் சட்டம் அதே நேரத்தைச் சுரங்கத்துக்கும் குவாரிக்கும் வைத்தது.

நம்ம புதுக்கோட்டை அப்போது ராஜா ஆண்ட சமஸ்தானம். வெள்ளைக்காரன் இந்தியாவுக்குப் போட்ட சட்டம் தானாக இங்கே நுழையவில்லை. 1948 மார்ச் 3ந் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகுதான் தேசத்தின் சட்டம் நமக்கும் சட்டமானது.

காலம் மாறுகிறது. இரவில் வேலை செய்ய மனதுள்ள பெண்ணைத் தடுப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000ம் ஆண்டு தீர்த்து, பாதுகாப்புக்குப் பல நிபந்தனைகளையும் விதித்தது. 2020ல் பாராளுமன்றம் நிறைவேற்றின சட்டத் தொகுப்பும் பெண்ணின் சம்மதத்தைக் கேட்கிறது. பெண்ணைக் குழந்தையைப்போலக் கட்டிப்போடாமல், அவள் சொல்லைக் கேட்பது நல்லதுதான். ஆனால் சாப்பாட்டுக்கே வழியில்லாதவள் சொல்லுகிற சரி என்பது எவ்வளவு தூரம் அவளுடைய சம்மதம் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

சட்டம் நுழையாத வீடு

பிரியமானவர்களே, எந்தச் சட்டமும் குவாரி வாசலோடும் மில் வாசலோடும் நின்றுவிடுகிறது. அடுப்படிக்குள் இன்ஸ்பெக்டர் வரமாட்டார். ஆனால் தேவனுடைய கட்டளை அங்கேயும் வருகிறது. ஓய்வுநாள் கட்டளையை எடுத்து வாசியுங்கள். அதில் மகனும் மகளும் மாத்திரமல்ல, வேலைக்காரியும் இருக்கிறாள். எகிப்தில் நீ அடிமையாய் இருந்ததை நினைத்துக்கொள் என்று உபாகமத்தில் கர்த்தர் அதற்குக் காரணமும் காட்டுகிறார்.

அந்தச் சகோதரியிடம் நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவங்க சிரிச்சுட்டு, அன்னைக்கு ஜெபத்துல கொஞ்சம் கண் அசந்ததுதான் அந்த வாரத்துல கிடைச்ச ஓய்வுன்னு சொன்னாங்க. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

ஆகையால் சபையாரோடு கலந்து சில தீர்மானங்கள் எடுத்திருக்கிறோம். முழு இரவு ஜெபத்தில் காப்பி போடுவதும் பாத்திரம் கழுவுவதும் இனி ஆண்கள் பொறுப்பு. முதல் முறை நானே அடுப்பு மூட்டினேன், காப்பி கரிப்பிடித்துப்போனது, ஒருவரும் குறை சொல்லவில்லை! களைத்து வருகிற சகோதரிகளுக்குப் பின்பக்கம் பாய் விரித்து வைத்திருக்கிறோம். கடையோ பட்டறையோ வைத்திருக்கிற விசுவாசிகளே, உங்களிடம் வேலை செய்கிற பெண்பிள்ளை எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேருகிறாள் என்று விசாரியுங்கள். கூலியைக் குறைக்காமல் நேரத்தைக் குறையுங்கள். சகோதரர்களே, தண்ணிக் குடத்தைத் தூக்கினால் அபிஷேகம் குறைந்துபோகாது.

எழுப்புதல் வேண்டும் என்று கேட்கிற நாம், முதலாவது நம் வீட்டுப் பெண்களைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுவோமாக. வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களை அழைத்த கர்த்தர் தாமே நம்முடைய இருதயங்களை இளகப் பண்ணுவாராக. ஆமென். அல்லேலூயா!

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்,
நார்த்தாமலை